சைபர் தசம் ஆறு

அறுந்த இயர்போன் வயரைச் சீவினால்
உள்ளே மயிரிலும் மெல்லிய மூன்று கம்பி.
சிவப்பு, பச்சை, செம்பு.
மேலே அரக்குப் பூச்சு. ஈயம் ஒட்டாது.
லைற்றரால் ஒரு நொடி சுட வேண்டும்.
இரண்டு நொடி சுட்டால் கம்பியே இல்லை.
மூன்று தரம் கம்பியே இல்லை.

முதலாம் குறுக்குத் தெருவில்
முஸம்மில் நானா இரண்டு டிரான்சிஸ்டர் எடுத்து வைத்தார்.
"ஒண்டு போதும் நானா."
"ஒண்டு கருக, ஒண்டு எரிய" என்றார்.
மிச்சக் காசுக்கு டொஃபி.

எல்லாம் செனுரவுக்காக.
தெமட்டகொடையில் எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள்
எட்டு மூலையில் வெசாக் கூடு கட்டியிருக்கிறார்கள்.
கோதுமை மாப் பசை காயுமுன்னே
எறும்பு வந்துவிட்டது.
"அக்கா, பாட்டுக்கு லைட் ஆடணும்.
போன வருசம் ரயில்பாதைப் பக்கத்துக்குத்தான் பரிசு."

அடி, சேகரிப்பான், காலி
என்று பள்ளிக்கூடத்தில் பாடமாக்கியது.
மூன்றாம் காலுக்குக் காலி என்று பேர் வைத்தவர்
காலி வீதியில் ஒருநாளும் பஸ் ஏறியிருக்க மாட்டார்.

பாட்டு வந்து அடியைத் தட்டும்,
அவ்வளவுதான் அதன் வேலை.
எரிவது பன்னிரண்டு வோல்ற்றின் சொந்தக் காசில்.

இரவு இரண்டு மணி.
சோதித்துப் பார்க்கப் பாட்டு ஏதும் இல்லை.
தோட்டத்திலேயே ஜாக் ஓட்டை உள்ள போன் என்னுடையதுதான்,
அதில் இருந்தது ரமணேசனின் குரற்செய்தி.
பதினொரு நொடி.
பத்தொன்பது நாளாக நான் தொடாதது.
நூற்றி எழுபத்தாறில் ஏறினால் தெஹிவளை.
அதையும் தொடவில்லை.

ஜாக்கைக் குத்தினால் போன் வாயைப் பொத்திக்கொள்ளும்.
அந்தத் துணிச்சலில் அழுத்தினேன்.

சத்தமில்லாமல் பேசினான்.
நீலமாய், மடமடவென்று, நாலு நொடி.
பிறகு இருட்டு.
மூன்று நொடி இருட்டு.
பிறகு ஒரே ஒரு மினுக்கம், முடிந்தது.

சைபர் தசம் ஆறு வோல்ற்றுக்குக் கீழே எது வந்தாலும்
இதற்குக் கேட்காது.
எங்கள் மனேஜரும் அப்படித்தான்.
ஆக, அந்த மூன்று நொடி
அவன் பேசாமல் இருந்தானா
மெல்லப் பேசினானா?

ஒரு லட்சம் ஓம் தடையி ஒன்றை
பன்னிரண்டிலிருந்து அடிக்கு இழுத்தேன்.
போனுக்குள் மின் ஏறாமல் நடுவில் ஒரு கொள்ளளவி.
இதற்குக் கோடல் என்று பேர். கொஞ்சம் வளைந்து நிற்பது.
இப்போது பாட்டில்லாவிட்டாலும் எல்.ஈ.டி. முழுக்க நூராது.
நீறு பூத்த நெருப்பு மாதிரிக் கிடக்கும்.

மறுபடி அழுத்தினேன்.
அதே நாலு நொடி. அதே இருட்டு.
இருட்டுக்குள் இப்போது ஒரு துடிப்பு:
நெடில் ஒன்று, குறில் இரண்டு.

வாகினி என்றாலும் அப்படித்தான் வரும்.
ஏனடி என்றாலும் அப்படித்தான்.
தொண்டையைச் செருமினாலும்,
பின்னால் போன பஸ் ஹோர்ன் அடித்தாலும்.

ஜாக்கைப் பிடுங்கவில்லை.
படுத்த பிறகுதான் உறைத்தது:
அவன் பக்கத்தில் அந்தச் சின்ன மைக் நீலமாகியிருக்கும்.
கேட்டுவிட்டாள் என்று நினைப்பான்.
நான் பார்த்தேன், ரமணேசன்.
கேட்கவில்லை.

வெசாக் அன்று மின்கம்பத்தின் கொக்கியில் கூடு.
கூட்டுக்குள் என் போன், பக்தி கீதத்தோடு.
தன்சலில் மரவள்ளி வாங்கிய கையோடு
சனம் அண்ணாந்து நிற்கிறது.
செனுரவுக்கு மட்டும் குறை:
"பாட்டு நிண்டாலும் லைட் முழுசா நூரல்லையே, அக்கா?"
"அது அப்பிடித்தான் செய்தது."

இரண்டு பாட்டுக்கு நடுவே
எட்டு மூலையும் ஒருதரம் பளிச்சென்றது.
தாளமில்லை. பாட்டில்லை.
யாரோ கைதட்டினார்கள்.

பன்னிரண்டு அடி உயரத்தில்
எனக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது.
ஏணியைச் செனுரவின் அப்பா
திருப்பிக் கொடுத்துவிட்டார்.